பீரோவுக்குள் வைஃபை

என் அக்கா தையல்காரி. கத்தரிக்கோலைக்கூட இரும்பு பீரோவில் பூட்டி வைத்தே பழகியவள். அப்பா பின்னறையில் படுத்த படுக்கையான பிறகு, வெளிநாட்டிலிருந்து நான் வீடியோவில் அழைத்தால் அவர் முகம் பாதியில் உறைந்துவிடும். குரலோ நாளுக்கு நாள் ஒடுங்கிக்கொண்டிருந்தது. அது அடங்குவதற்குள் அவரோடு ஒருமுறை முழுதாகப் பேசிவிட வேண்டும் என்று பதறினேன். பின்னறைவரை வைஃபை எட்ட இன்னொரு கருவி வாங்கி அனுப்பினேன். ஒன்றும் மாறவில்லை. மூன்று வாரம் நானும் அக்காவும் கம்பெனிக்காரர்களைத் திட்டித் தீர்த்தோம்.

கடைசியில் வந்த லைன்மேன், "ரவுட்டர் எங்கம்மா?" என்று கேட்டாராம்.

அக்கா சாவி போட்டு பீரோவைத் திறந்தாள். பின்பக்க ஓட்டை வழியாக ஒயர் நுழைத்து, துணிகளுக்கு நடுவே ரவுட்டரையும் நான் அனுப்பிய கருவியையும் வைத்திருந்தாள்.

"தூசு படக்கூடாதுன்னுதான்..."

"சிக்னல் என்ன, சாவி போட்டுத் திறந்துக்கிட்டா வரும்?"

ஒன்றைக் கூடத்துச் சுவரிலும் மற்றதைப் பின்னறை வாசலிலும் மாட்டிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் அப்பாவின் தாடி மயிர்கூடத் தெளிவாகத் தெரிந்தது.

"தெரியுதாடா?"

"நல்லா தெரியுதுக்கா. அப்பாவைப் பேசச் சொல்லு."

"முந்தாநாளே பேச்சு நின்னுபோச்சுடா. நீ பேசு, கேட்டுக்கிட்டுதான் இருக்கார்."