ஏட்டுக்கு முகம் கழுவியவர்கள்

பழைய ஏடும் தாளும் துடைக்கிற வேலையில் முதலில் வருகிற நோய் தும்மல். அடுத்தது, எதைப் பார்த்தாலும் துடைக்கத் தோன்றுவது. பரண் ஒழித்து மூக்கடைத்துப் போனவர்கள், அந்துருண்டை வாசனையில் கண் கசக்கியவர்கள் எல்லோரும் என் இனம்தான், உங்களுக்குச் சொன்னால் புரியும். நாகர்கோவிலில் ஓர் ஆய்வு நூலகத்தில் கல்லூரிப் பிள்ளைகளோடு நானும் தன்னார்வலராக உட்கார்ந்திருக்கிறேன். பணி ஓய்வு பெற்று, வீட்டில் குரல்கள் ஒவ்வொன்றாய் அடங்கிய பிறகு, தாள் புரளும் ஓசையாவது காதில் விழட்டும் என்று போனேன். போனது நல்லதாயிற்று.

கையுறை

வெள்ளைக் கையுறை தருவார்கள் என்று எண்ணிக்கொண்டு போயிருந்தேன். சுவடிப் பாதுகாப்புக்குப் பொறுப்பான ஷைலா சிரித்துவிட்டாள். என் மகளாக இருக்கக்கூடிய வயதுகூட ஆகாத பெண். உறை போட்ட விரலுக்குத் தாளின் நலிவு தெரியாது, ஓரம் முறிந்துவிடும், சுத்தமான வெறும் கைதான் நல்லது என்றாள். தண்ணீர், பேனா, பூ, தின்பண்டம் எதுவும் அறைக்குள் வரக்கூடாது என்பது அவள் விதி.

நான் கையை நனைத்து முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தேன். அவள் என்னைத் திரும்பவும் குழாயடிக்கு அனுப்பினாள். "ஆபரேஷனுக்குப் போற டாக்டர் மாதிரி கழுவணும் டீச்சர். இங்க நோயாளிக்கு நம்ம எல்லாரையும்விட வயசு கூடுதலு."

குண்டூசி

அபிலாஷ் கீரிப்பாறைப் பையன். அப்பா எஸ்டேட்டில் ரப்பர் பால் வெட்டுகிறார். அவனுக்குக் கிடைத்தது, தாள்களில் துருப்பிடித்து ஒட்டிக்கிடக்கும் குண்டூசிகளைத் தாள் கிழியாமல் கழற்றுகிற வேலை. மத்தியானம் ஆனதும் பொறுமை போய்விட்டது. "எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணியாச்சுல்லா, பெறவு இந்தக் குப்பை எதுக்கு?" என்று கேட்டான்.

ஷைலா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் எதிரில் இருந்த ஜெனிஷா முந்திக்கொண்டாள். முட்டத்துப் பெண். அலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். அவள் மெதுவாகப் பேசினாலே அறை முழுவதும் கேட்கும். "உன்னையும்தான் போன்ல போட்டோ எடுத்தாச்சு. பெறவு நீ எதுக்குலே இருக்க?"

சிவப்புத் துணி

ஒருநாள் சுயம்புலிங்கம் வந்தார். சுசீந்திரம் பக்கத்து ஊர்க்காரர், வில்லுப்பாட்டுப் பாடுகிறவர். சிவப்புத் துணியில் சுற்றிய ஓலைச்சுவடி ஒன்றைப் பிள்ளையைத் தூக்குவதுபோல நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்தார். இசக்கியம்மன் கதை. பாட்டு அவருக்கு மனப்பாடம். ஏட்டைப் பார்த்து அவர் பாடுவதில்லை. ஆனால் ஏடு வில்லுக்கு முன்னால் பலகையில் இருந்தால்தான் முதல் அடி எடுப்பார்.

சித்திரையில் வரும் அம்மன் கோயில் கொடைவிழாவுக்கு முன்னால் ஏடு திரும்பி வந்துவிட வேண்டும். நாங்கள் சுத்தம் செய்து படம் எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் இன்னும் இரண்டு கட்டு இருக்கிறது, கறையான் ஏறத் தொடங்கிவிட்டது என்றார். ஷைலாவின் முகம் கறையான் அவளையே அரிப்பதுபோல ஆயிற்று. அதையும் உடனே கொண்டுவரும்படி கெஞ்சினாள். அவர் அசையவில்லை. "மொதல்ல இவ நல்லபடியா வீடு வந்து சேரட்டும். பெறவு மத்தவளுகளை அனுப்பணுமா வேண்டாமான்னு பாப்போம்."

எண்ணெய்

ஓலையை மென்தூரிகையால் துடைத்து, பஞ்சால் ஒற்றி, கடைசியில் எலுமிச்சம்புல் எண்ணெய் தடவ வேண்டும். காய்ந்து விறைத்த ஓலை மெல்ல மெல்ல வளையத் தொடங்கும். அந்த நேரத்தில் பஞ்சைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பேன். இத்தனை காலம் கழித்தும் ஒன்று இளகுகிறதே என்று.

மணம் மட்டும் கையை விட்டுப் போகாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் முகர்ந்து பார்த்து நகர்ந்துகொள்வார்கள். ஒரு சாயங்காலம் கண்டக்டர் மட்டும் என் சீட்டை விட்டு நகரவே இல்லை. காரணம் கேட்டேன். "உங்க பக்கத்துல கொசு வரமாட்டேங்கும்மா. வடசேரி வரைக்கும் நான் இங்கனயே நின்னுக்கிடுகேன்."

மரத்துக்குள் ஒரு பூ

சுவடிக்கு மேலட்டையாக இருக்கும் மரப்பலகை ஜெனிஷாவின் கைக்கு வந்தது. தலைமுறை தலைமுறையாக வைத்த சந்தனமும் குங்குமமும் அதன்மேல் கட்டிதட்டி அடையாக ஏறியிருந்தன. எழுதியவன் வைக்காதது எல்லாம் அழுக்கு என்பது எங்கள் பயிற்சியின் முதல் பாடம். அவள் மூங்கில் சீவலால் பொறுக்கிப் பொறுக்கி எடுத்தாள். அடியில் மரத்தில் செதுக்கிய தாமரை ஒன்று கண்விழித்தது. எல்லோரும் வேலையை விட்டுவிட்டு அவள் மேசையைச் சூழ்ந்துகொண்டோம். ஷைலாவே கைதட்டினாள்.

ஏட்டை வாங்கிப்போக சுயம்புலிங்கம் வெள்ளைவேட்டி கட்டிக்கொண்டு வந்தார். துணியை விலக்கிப் பார்த்தார். தாமரையை அவர் கண் பார்க்கவில்லை. கை மட்டும் அந்த வெறும் மரத்தைத் தடவித் தடவித் தேடியது. "இது யாரு? எங்க அம்மைக்க பொட்டு எங்க?"

"நாந்தான்"

ஷைலா விளக்கம் சொல்லத் தொடங்கினாள். பூஞ்சை, ஈரம், பூச்சி. அவர் காதில் ஏறவில்லை. மற்ற இரண்டு கட்டும் கறையானுக்கே போனது என்று நான் மனத்துக்குள் முடிவுகட்டினேன். யார் செய்தது என்று அவர் கேட்டதும் அபிலாஷ்கூடத் தலையைக் குனிந்துகொண்டான். அம்மன் பொட்டை எடுத்தது முட்டத்துக் கிறிஸ்தவப் பெண் என்று தெரிந்தால் பேச்சு எங்கே திரும்புமோ என்று பயந்தேன். ஜெனிஷா எழுந்து நின்றாள். "நாந்தான் மாமா. முட்டம்." கேட்காத ஊரையும் சேர்த்தே சொன்னாள்.

அவர் அவள் பக்கம் திரும்பினார். "உங்க கோயில்ல மாதாவுக்குச் சேலை மாத்துவியளா?"

"திருவிழாவுக்கு மாத்துவோம்."

"பழசை அவுத்துட்டு அப்படியே விட்டிருவியளா?"

"அய்யோ, அதெப்படி! புதுசு உடுத்தாம..." பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அவர் ஏட்டை அவள் பக்கம் நகர்த்தினார். "அப்போ இங்கன மட்டும் என்னத்துக்குட்டீ பாதியில நிறுத்தின?"

வராந்தா

ஏட்டை வீட்டுக்கு அழைத்துப்போகிற நாள் என்பதால் சந்தனமும் குங்குமமும் டப்பாவில் கொண்டுவந்திருந்தார். ஷைலா பதறினாள். ஈரமான எதுவும் அறைக்குள் கூடாது. எல்லோரும் வராந்தாவுக்குப் போனோம். அங்கேயும் அவளுக்கு மனம் ஒப்பவில்லை. பொட்டை மரத்தில் வைக்க வேண்டாம், சுற்றுகிற துணியின்மேல் வைக்கலாமே என்றாள். அவர் திரும்பி அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஷைலா தோற்றாள். ஓலையில் படாமல் வைத்தால் போதும் என்று, பலகைக்கும் ஓலைக்கும் நடுவே தானே ஒரு தாளைச் செருகிக் கொடுத்தாள். ஜெனிஷா சந்தனத்தைத் தொட்டுத் தாமரையின் நடுவில் வைத்தாள்.

ஷைலாவை அவர் பார்த்ததோடு விடவில்லை. துணி யோசனைக்கு அவர் சொன்ன பதிலை இப்போதும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அபிலாஷ் அதே குரலில் நடித்துக்காட்டுகிறான். "பொட்டை நெத்தியில வைக்காம முந்தானையிலயா வைப்பாவ?"

மற்ற இருவர்

கொடை முடிந்தது. செவ்வாய் போயிற்று, வெள்ளி போயிற்று. ஆள் வரவில்லை. ஷைலா ஜன்னலைப் பார்ப்பதும் வேலையைப் பார்ப்பதுமாக இருந்தாள். கறையானுக்கு விடுமுறை கிடையாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

பிறகு ஒரு காலையில் ஆட்டோ வந்து நின்றது. பின்சீட்டில் இரண்டு சிவப்புத் துணிக் கட்டுகள். இடம் போதாமல் சுயம்புலிங்கம் டிரைவர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு இருந்தார். ஏடுகளின் ஓரங்களைக் கறையான் அரித்திருந்தது, நடுப்பகுதி தப்பியிருந்தது. ஷைலா கட்டுகளை, அவர் அன்று கொண்டுவந்ததுபோலவே, நெஞ்சோடு அணைத்து வாங்கினாள். அவர் உள்ளே எட்டி ஜெனிஷாவைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டுத்தான் பேசினார். "நல்லா முகம் கழுவுங்க. ஆனா கழுவினவளே பொட்டும் வைக்கணும், கேட்டியளா? போன கொடைக்கு அம்மை இவ வச்ச பொட்டோடதான் வந்து இருந்தா."

இப்போது எங்கள் அறைக்குள் தூரிகை, மூங்கில் சீவல், எலுமிச்சம்புல் எண்ணெய் எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. சந்தன டப்பாவுக்கு மட்டும் வராந்தாவில்தான் தட்டு அடித்திருக்கிறோம், விதி விதிதானே.