எதிர்வீட்டில் குடித்த பால்

ஒற்றைத் தலைவலி வந்துவிட்டால் எனக்கு மனிதர்களே ஆகாது. உள்ளே ஓடும் தறியின் ஒவ்வொரு அடியும் என் நெற்றியில்தான் விழும். என் கணவர், பாவம், தறிக்குழியிலிருந்து ஏறி வெளியே போய்விடுவார். தறி நின்றுவிடும். வலி நிற்காது.

மகள் பிறந்த வருடம் அது பேயாட்டம் ஆடியது. கருட சேவை மேளம் தெருவைக் கடந்த காலையில் வாந்தியெடுத்துச் சுருண்டு விழுந்தேன். பெரிய காஞ்சிபுரத்து லேடி டாக்டரிடம் ரிக்‌ஷாவில் கொண்டுபோனார்கள். மாத்திரை கொடுத்தார்.

"இதைப் போட்டுக்கினா நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் தாய்ப்பால் குடுக்காதம்மா. பால்ல எறங்கும், கொழந்தைக்கு ஆகாது."

எதிர்வீட்டுத் தெலுங்குக்கார அக்காவுக்கும் கைக்குழந்தை இருந்தது. யாரும் கேட்காமலே வந்து என் மகளைத் தூக்கிக்கொண்டாள். "எனக்கு ஊறுறது ரெண்டு பேருக்கும் போதும். நீ கண்ண மூடிக்கினு படும்மா."

மாத்திரை போட்டுப் படுத்தேன். மெல்ல வலி இறங்கியது. அப்போது தெருவுக்கு அந்தப் பக்கம் மகள் அழுதாள். என் ரவிக்கை நனைந்தது. சற்று நேரத்தில் அழுகை சட்டென்று நின்றுவிட்டது. அழுததைக்கூடத் தாங்கிக்கொண்டேன், அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை. இவ்வளவு சீக்கிரமாகவா, நன்றி கெட்ட கழுதை! எழுந்து போய்ப் பாலைப் பீய்ச்சி, காலில் மிதிபடாமல் செம்பருத்தி வேரில் ஊற்றினேன்.

மறுநாள் சாயங்காலம் மகளை வாங்கி மடியில் போட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குடித்தாள். நான்தான் அழுதேன்.

அவள் பால் மறக்கும்வரை அந்த மாத்திரையை நான் தொடவே இல்லை. தலையில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தேன்.

என் தலைவலியைச் சீதனமாகக் கொண்டுபோனவள் அவள். வருடங்கள் கழித்துப் பிள்ளை பெற்று எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, தலையைப் பிடித்துக்கொண்டு மாத்திரையைப் பிரித்தாள். நான் பதறிப்போய்க் குழந்தையைப் பிடுங்கினேன்.

"டாக்டரைக் கேட்டுட்டுதாம்மா போட்டுக்கறேன். இது பால் குடுக்கறவங்க போட்டுக்கலாமாம். கொழந்தைய குடு."

விழுங்கினாள். மார்போடு அணைத்துக்கொண்டாள். குழந்தை சப்புக்கொட்டிக் குடித்தது. எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும், தெருவுக்கு அந்தப் பக்கம் போன அந்த ஒரு நாள் எனக்குத் திரும்ப வேண்டும்போல் இருந்தது. கை தானாகப் போய் ரவிக்கையைத் தொட்டுப் பார்த்தது. உலர்ந்திருந்தது.