உப்பளத்துக்குப் போன பக்கம்

திருப்பூரில், பெருமாநல்லூர் ரோட்டில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் எனக்கு அப்போது வேலை. சாம்பிள் செக்‌ஷனில் லேபிள், பட்டன், விலை அட்டை எல்லாம் என் பொறுப்பு. ஓர் ஆர்டருக்காக வெளிநாட்டிலிருந்து ஒரு டிசைனர் அம்மா வந்து சில நாட்கள் எங்கள் மேஜையிலேயே உட்கார்ந்திருந்தார். அவரிடம் ஒரு தடித்த நோட்டு இருந்தது. சாயங்காலமானால் கீழே கிடப்பதைப் பொறுக்கி அதில் ஒட்டுவார். கட்டிங் டேபிளிலிருந்து விழுந்த கோடு போட்ட துணி, நூல்கோனில் சுற்றியிருந்த தாள், பிய்ந்த ஸ்டிக்கர். டீ டம்ளர் வைத்த வட்டக் கறையை அப்படியே விட்டு, அதைச் சுற்றிப் பேனாவால் கோடு இழுத்து, மேலே கொஞ்சம் வர்ணம் தீட்டுவார். என் தலையிலிருந்து உதிர்ந்த ஒரு கனகாம்பரத்தைக்கூடக் கேட்டு வாங்கி நடுவில் அமுக்கி வைத்துக்கொண்டார்.

கிளம்புகிற அன்றைக்கு நோட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார். எங்கள் மேஜை, எங்கள் டீ, எங்கள் தரை. சரியாகக் கூட்டவில்லை என்று நான் தினமும் கத்துகிற அதே தரை. இவ்வளவு அழகான இடத்திலா இத்தனை வருஷமாக மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம் என்று இருந்தது.

அதற்குப் பிறகு எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. நிற மாதிரிகள் ஒட்டி வைக்கிற பழைய ஷேட் கார்டு ஃபைல் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, மைதாப் பசை காய்ச்சி, கண்ணில் பட்டதையெல்லாம் ஒட்டினேன். ரேஷன் கடைச் சணல், வெங்காயச் சருகு, ஓவர்லாக் மெஷினுக்கு அடியில் சேர்கிற பஞ்சு. எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னால் சாயத்தண்ணீர் ஓடுகிற சாக்கடை ஒன்று உண்டு. ஒரு நாள் மஞ்சளாக வரும், ஒரு நாள் கருநீலமாக வரும். அதில் தாளை நனைத்து எடுத்துக் காயப்போட்டால் எந்தக் கடையிலும் வாங்க முடியாத நிறம் வந்து நிற்கும். பார்க்க அவ்வளவு அழகு, நாற்றமோ குடலைப் புரட்டும். ஆற்றுக்குப் போகிற விஷத்தைப் பார்த்து அழகு என்று சொல்கிறோமே என்று குத்தும். ஆனாலும் நனைப்பேன். "பழைய பேப்பர்காரனுக்குப் போட்டியா கடை போடப் போறயா?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

என் ஃபைலை முதலில் ஒழுங்காகப் பார்த்தவள் பக்கத்து வீட்டுப் பெண். எங்கள் கம்பெனியிலேயே செக்கிங்கில் இருந்தாள். தைத்து வருகிற பீஸைப் புரட்டிப் பார்த்து, ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் எங்கே இருக்கிறதோ அங்கே சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் அவள் வேலை. நான் பெருமையாக நீட்டிய முதல் பக்கத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, சுடிதாரில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை எடுத்துப் பசை வழிந்த இடத்தில் ஒட்டினாள். வேண்டுமென்று செய்யவில்லை, கை பழகிவிட்டது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. அப்புறம் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

அவளுக்குத் தூத்துக்குடிப் பக்கம். அம்மா உப்பளத்தில் உப்பு வாருகிறவர். அங்கே உப்பு ஏற்ற வந்த லாரியில் லோடுமேனாக இருந்த, எங்கள் பக்கத்துச் சாமளாபுரத்துப் பையனோடுதான் இவள் கிளம்பி வந்துவிட்டாள். இவள் சர்ச்சுக்குப் போகிறவள், அவன் மாரியம்மனுக்குத் தீர்த்தம் எடுக்கிறவன். பதிவுக் கல்யாணம். அன்றைக்குப் பேச்சை நிறுத்திய அம்மா பிடித்த பிடியில் நின்றார். காயின் போனிலிருந்து ஊர்க் கடைக்குக் கூப்பிட்டால், அம்மா வர மாட்டேன் என்கிறார் என்று கடைக்காரர் வைத்துவிடுவார். கடிதம் போட்டால் அண்ணன் கிழித்துவிடுவான். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது.

இப்போது அவள் முழுகாமல் இருந்தாள். வாந்தி எடுத்து ஓய்ந்த ஒரு நாள் என் வாசற்படியில் உட்கார்ந்து சொன்னாள். "எக்கா, எனக்குப் பயமா இருக்கு. தலப்பிரசவத்துக்கு அம்மா வேணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

சொல்லிவிட்டு, சும்மா இருக்க முடியாமல் என் ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தாள். சட்டென்று நிறுத்தினாள்.

"எக்கா, இதுல எழுத்தே இல்லியே. எங்கம்மாவுக்கு இது புரியும்லா?"

இத்தனை நாள் ஒட்டிக்கொண்டிருந்த எனக்கு இது தோன்றவே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வீட்டுத் தரையில் கடை பரப்பினோம். சட்டைப் பெட்டி அட்டை ஒன்றை எடுத்து, குழந்தை உடுப்புக்கு வெட்டி மிஞ்சிய நீலக்கோட்டுத் துணியால் போர்த்தினோம். என்ன ஒட்டுவது என்று நான் வாயைத் திறக்கும் முன்பே அவள் வைத்துக்கொண்டே போனாள். வாடகை வீட்டுக் கதவிலிருந்து உரிந்த பச்சைப் பெயிண்ட். அடுப்படி மஞ்சள்தூளைக் குழைத்து ஒரு தீற்றல். சம்பள நாளில் இரண்டு பேரும் டவுனுக்குப் போய்வந்த பிரைவேட் பஸ்ஸின் டிக்கெட், ஊர்ப் பெயர் அச்சடித்தது. அன்றைக்குத் தேங்காய் பன் வாங்கிய எங்கள் ஸ்டாப் பேக்கரியின் கவர். "நல்லா சாப்பிடுதேன்னு தெரியணும்லா" என்றாள். கடைசியாகப் பையிலிருந்து ஒன்றை எடுத்தாள். பிறந்த குழந்தை சைஸில் ஒரு சட்டைக் கை, செக்கிங்கில் ரிஜெக்ட் ஆனது. அதன் தோள் பக்கத்தை மட்டும் அட்டையோடு சேர்த்துத் தைத்தாள். விரலை விட்டால் உள்ளே போகும். மாசமாக இருக்கிறேன் என்று இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அவள் வீட்டுக்காரன் அப்போது லாரியை விட்டுவிட்டுச் சாயப்பட்டறையில் வேலை செய்தான். அவன் தன் பங்குக்குப் பட்டறையிலிருந்து ஒரு வெற்றுச் சாக்கின் மூலையைக் கிழித்து வந்திருந்தான். உப்பு மூட்டைச் சாக்கு.

"சாயப்பட்டறையில உப்பு என்னத்துக்கு தம்பி?" என்று கேட்டேன். இத்தனை வருஷம் பனியன் ஊரில் இருந்தும் எனக்கு லேபிளைத் தாண்டி ஒன்றும் தெரியாது.

"உப்புப் போடலீனா சாயம் துணியில ஏறாதுங்கக்கா. தண்ணியிலயே நின்னுக்கும். லாரி லாரியா வருதுங்க, எல்லாம் இவங்க ஊர்ப் பக்கத்து உப்புத்தான்."

கீழே பரப்பியிருந்த துணிகளைப் பார்த்தேன். நீலம், சிவப்பு, கிளிப்பச்சை. என் ஃபைலில் பக்கம் பக்கமாக ஒட்டி வைத்திருக்கிற நிறமெல்லாம், சாக்கடையில் ஓடுகிற நிறம்கூட, எங்கோ வெயிலில் குனிந்து நிற்கிற பெண்கள் வாரிய உப்பு இல்லாமல் வந்திருக்காது. அதில் இவளுடைய அம்மா வாரியதும் இருக்கும். மகளோடு பேசாமல் இருக்கிற அம்மா, மகள் தினமும் தொட்டுப் பார்க்கிற துணிக்குள்ளேயே இருந்திருக்கிறார். சாக்குத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அசடு மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் அவள் தன் வீட்டுக்காரனின் கையைப் பிடித்து இழுத்தாள். அந்த வாரம் பட்டறையில் கருநீலம் ஓடியிருந்தது, அவன் கையெல்லாம் அந்தக் கறை. கூடுதலாகக் கொஞ்சம் சாயத்தைக் குழைத்து உள்ளங்கையில் பூசி, ஒரு வெள்ளைத் துணியில் அழுத்தச் சொன்னாள்.

நான் தடுத்தேன். "வேண்டா அம்மிணி. அவரு கையப் பாத்தா உங்கம்மாவுக்குக் கோவந்தான் வரும். எரியறதுல எண்ணெய ஊத்தாத."

"அவர விட்டுட்டு என் வீட்ட எப்படிக்கா காட்ட?" என்று கேட்டாள். கை பதிந்தது. ஆனால் அச்சு சுத்தமாக வரவில்லை. உள்ளங்கை முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கீறல்கள், விரல் மடிப்பில் பிளவுகள். சாயம் சரியாகப் பிடிக்கவில்லை, இன்னொன்று எடுக்கலாம் என்றேன். குறை கண்டுபிடிப்பதே தொழிலாக இருந்தவள், இருக்கட்டும் என்று அதையே அட்டையில் ஒட்டினாள்.

சாக்குத் துண்டையும் ஒட்டி முடித்த பிறகு பிசிறு வெட்டி, தேய்த்து, பாலிதீன் கவரில் போட்டோம். கம்பெனிப் பழக்கம் விடுமா? ஈரம் இழுக்கிற சின்ன வெள்ளைப் பொட்டலம் ஒன்றையும் உள்ளே போட்டேன். கப்பலில் போகிற சரக்கு என்று நினைப்பு. அவன் முன்பு வேலை பார்த்த லாரியின் டிரைவர், உப்பு ஏற்றப் போகும்போது அதைக் கொண்டுபோனார்.

திரும்பி வந்தவர் சொன்னது நன்றாக இல்லை. அம்மா வாங்கினாராம். பிரித்துக்கூடப் பார்க்காமல் உப்புக் குவியல் மேல் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாராம். "ஒண்ணுமே பேசலீங்க" என்றார். இவளுக்கு முகம் செத்துப் போயிற்று. அதற்குப் பிறகு வாரக்கணக்கில் ஒரு தகவலும் இல்லை. வயிறுதான் பெரிதானது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பார்த்தறியாத அந்த அம்மாவைப் பாத்திரம் கழுவும்போதெல்லாம் திட்டினேன்.

ஒரு நாள் டீ இடைவேளை முடிகிற சமயம். வாட்ச்மேன் சாம்பிள் செக்‌ஷனுக்குள் வந்தார். அவர் கையில் அந்த அட்டை இருந்தது.

"ஏனுங்க, இது நம்ம கம்பெனித் துணிங்களா? கேட்டுல ஒரு அம்மா இதக் காட்டிட்டு நிக்குதுங்க."

எப்படிப் படியிறங்கினேன் என்று தெரியாது. கேட்டுக்கு வெளியே ஒல்லியாக, வெயிலில் கறுத்து, மஞ்சள் பையோடு ஒருவர் நின்றார். பாதம் முழுக்க வெடிப்பு. ஒரு ஆளைச் செக்கிங்குக்கு ஓடவிட்டு, அவளை உடனே வரச் சொன்னேன்.

அவர் வந்த விதத்தை அங்கேயே கேட்டுத் தெரிந்துகொண்டேன். மகனிடம் விலாசம் கேட்கவில்லை. ராத்திரி பஸ் ஏறி விடியலில் திருப்பூரில் இறங்கியிருக்கிறார். பஸ் ஸ்டாண்டில் அட்டையைக் கையில் பிடித்தபடி கண்டக்டர் கண்டக்டராகக் காட்டியிருக்கிறார். ஒருவர் டிக்கெட்டைப் பார்த்து, இந்த பஸ் என்று ஏற்றிவிட்டிருக்கிறார். அந்த கண்டக்டர் பேக்கரி கவரைப் படித்து எங்கள் ஸ்டாப்பில் இறக்கிவிட்டார். பேக்கரி டீ மாஸ்டர் நீலக்கோட்டுத் துணியைத் தடவிப் பார்த்து, இந்தக் கோடு எங்கள் கம்பெனி வேஸ்ட் வண்டியில் போவதைப் பார்த்திருக்கிறேன் என்று கை காட்டியிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா உட்கார்ந்து ஒட்டிய பஸ் டிக்கெட்டும் பன் கவரும் எழுத்து தெரியாத ஒரு மனுஷியைக் கைப்பிடித்துக் கூட்டி வந்திருக்கின்றன. என்னால் நம்பவே முடியவில்லை. இன்றைக்கும் முடியவில்லை.

அதற்குள் அவள் வந்துவிட்டாள். கழுத்தில் நூல் வெட்டுகிற டிரிம்மர் தொங்க, தலையெல்லாம் பஞ்சு. என் பக்கத்தில் வந்து நின்றாள். அந்த அம்மா மகளைப் பார்க்கவில்லை. வயிற்றை மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"லாரிக்காரன் சொன்ன பக்கத்து வீட்டுப் பிள்ள நீதானா?"

"ஆமாங்க."

"இதென்ன, உப்பா?" பையிலிருந்து அந்த வெள்ளைப் பொட்டலத்தை எடுத்தார். "நாக்குல வச்சுப் பாத்தேன். சவம், ஒரு ருசியுமில்ல. இதப் போட்டுத்தானா இவ கஞ்சி குடிக்கா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அது தின்கிறதல்ல என்று தலையை ஆட்டினேன். அவர் என் கையிலிருந்த அட்டையை வாங்கிக் கருநீலக் கையைத் தொட்டார்.

"இது அவன் கையா?"

"ஆமாங்க. சாயப்பட்டறையில இருக்காருங்க. நாளெல்லாம் உப்புத் தண்ணியிலதானுங்க வேலை."

அவர் தன் உள்ளங்கையை விரித்து அந்த அச்சுக்குப் பக்கத்தில் வைத்தார். அதே கீறல்கள், அதே பிளவுகள். நான் குறை என்று நினைத்து இன்னொன்று எடுக்கலாம் என்று சொன்னதெல்லாம் அவர் கையில் இருந்தது.

"லாரியில வந்து பல்லக் காட்டிட்டு இழுத்துட்டுப் போயிட்டான், எங்கயாவது விட்டுட்டு ஓடிருவாம்னுலா நெனச்சேன்" என்றார். "இந்த வெடிப்பப் பாத்த பொறவு எனக்குத் தூக்கம் இல்ல. உப்புல நிக்கவன் கை. குந்தி இருந்து திங்கவனுக்கு இது வராது."

உள்ளே வேலை தொடங்குகிற மணி அடித்தது. அவர் அட்டையைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு, இன்னமும் என்னைப் பார்த்தே சொன்னார்.

"அவகிட்ட சொல்லு. லீவு எழுதிக் குடுத்துட்டு வரச் சொல்லு. தலப்பிள்ள நம்ம வீட்டுலதான். மருமகன் ஞாயித்துக்கிழம வந்து பாத்துட்டுப் போவட்டும்."

அவள் எனக்கு ஓர் எட்டில்தான் நின்றிருந்தாள், எல்லாம் கேட்டுவிட்டது. இருந்தாலும் நான் அவள் பக்கம் திரும்பி, அம்மா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். மருமகன் என்கிற இடத்தில் மட்டும் எனக்குக் குரல் உடைந்துபோய், அதை இன்னொரு தரம் சொல்ல வேண்டியிருந்தது.