கழுவின காசுக்கு மார்க்கு இல்லை

வேலாயுதம் அண்ணன் போய்விட்ட செய்தியை எனக்குப் போனில் சொன்னவர் நஸீர் நானா. ஹற்றனில் அண்ணனின் ஸ்டூடியோவுக்கு நேர் எதிரே அவருடைய இரும்புக்கடை. நான் கந்தப்பளையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். "நம்ம ஸ்டூடியோக்காரர் மவுத்தாப் போயிட்டாரு தம்பி. கடையத் தொறக்க வந்தவரு படியிலயே உக்காந்துட்டாரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு" என்றார். நுவரெலியா போய், அங்கே பஸ் மாறி, நான் ஹற்றனில் இறங்கும்போது வீட்டு வாசலில் கொட்டகை போட்டாகிவிட்டது.

ஹற்றனில் பாஸ்போர்ட் படம் எடுத்த எவருக்கும் அவரைத் தெரியும். "பரீட்சைக்குப் போற மாதிரி மூஞ்சிய வைக்காதீங்க" என்று அதட்டி, முகம் கொஞ்சம் இளகும் அந்த நொடியில் படத்தை எடுத்துவிடுவார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஸ்டூடியோவின் பின்னறையில் கூடும் எங்கள் நாலைந்து பேருக்குத்தான் இன்னொரு வேலாயுதத்தைத் தெரியும். அவருக்குப் பழைய அமெரிக்க வெள்ளி டாலர் என்றால் உயிர். உள்ளங்கையை நிறைக்கும் கனமான காசு. ஒரு பக்கம் ஒரு பெண்ணின் தலை, மறுபக்கம் சிறகு விரித்த கழுகு. தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார் பங்களாவைக் காலி செய்துவிட்டுப் போனபோது ஏலத்தில் எடுத்தவை சில, இரத்தினக்கல் வியாபாரிகளிடம் வாங்கியவை சில என்று இருபத்துச் சொச்சம் வைத்திருந்தார். அமெரிக்கக் காசு தேயிலை மலைக்கு எப்படி வந்தது என்று யாராவது கேட்டால், "நாம எப்படி வந்தோம்? அப்படித்தான், கப்பல்ல" என்பார்.

காசு சேர்ப்பவர்கள் எழுபதுக்கு மார்க்கு போடுவார்கள். எழுபது என்றால் அச்சிலிருந்து விழுந்தபடியே, குறையே இல்லாத காசு. அண்ணன் காசின் விளிம்பை மட்டும் விரல்களால் பிடித்து, படமெடுக்கும் விளக்கின் கீழே மெல்லச் சாய்ப்பார். கை படாத காசில் வெளிச்சம் ஒரே இடத்தில் நிற்காது, சைக்கிள் சக்கரத்தின் கம்பிகள் போலச் சுற்றி வரும். "வெளிச்சம் நடக்கணும்" என்பது அவருடைய வாக்கு. பிறகு பெண்ணின் கன்னத்தில் கீறல் இருக்கிறதா, கழுகின் நெஞ்சில் இறகுகள் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்த்து ஓர் எண் சொல்வார். அந்தப் பழக்கம் முற்றி, எதைக் கண்டாலும் மார்க்கு போட ஆரம்பித்தார். அண்ணி சுட்ட ரொட்டிக்கு அறுபத்திரண்டு. மேடையில் முழங்கிய ஒரு தலைவருக்குப் பத்து, அதுவும் மைக்குக்கு.

ஒருமுறை கண்டியில் ஒரு டாலரை வாங்கிக்கொண்டு, நேரே பின்னறைக்கு வந்தேன். பளபளவென்று அப்படி ஒரு காசு. எல்லோர் முன்னாலும் நீட்டினேன். அண்ணன் ஒரே ஒருமுறை சாய்த்துப் பார்த்தார். எண் எதுவும் சொல்லாமல் கவருக்குள் போட்டு, என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டு, அண்ணி கொண்டுவந்து வைத்த டீயைக் காட்டி, "டீ குடிங்க தம்பி" என்றார். நஸீர் நானாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் விடாமல் கேட்ட பிறகுதான் அண்ணன் சொன்னார்: "கழுவின காசு. யாரோ தேச்சிருக்கான். மேல் தோல் போயிருச்சுன்னா மார்க்கு கெடையாது. உங்க மனசு நோகக் கூடாதுன்னு ஒரு நம்பர் சொல்லலாம். அப்பறம் இது வரைக்கும் நான் சொன்ன நம்பரெல்லாம் பொய்யாப் போயிரும்." நான் கோபித்துக்கொண்டு பல வாரங்கள் அந்தப் பக்கமே போகவில்லை. அண்ணிதான் போனில் கூப்பிட்டு, "அவரு அப்படித்தான், ரொட்டிக்கே கூட்டிப் போட மாட்டாரு. வாங்க" என்றார்.

அந்த அண்ணிக்கும் அண்ணனின் காசுகளுக்கும் ஆரம்பத்திலிருந்தே ஆகாது. விளக்கையும் குங்குமச் சிமிழையும் திருநீறு போட்டுத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி வைத்திருப்பவர் அவர். "வீட்டுல வெள்ளி கறுத்துக் கெடக்கக் கூடாதுங்க" என்பார். "அது கறுப்பு இல்ல, வயசு" என்பார் அண்ணன். ஒவ்வொரு தீபாவளிக்கும் அண்ணி திருநீற்றுத் தட்டை எடுத்தால், அண்ணன் காசுப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்கு ஓடிவிடுவார். அவர் அதிகம் பயந்தது ஒரு டாலருக்காக. அதன் விளிம்பைச் சுற்றி, மழைத்தண்ணீரில் மண்ணெண்ணெய் சிந்தினாற்போல நீலமும் ஊதாவுமாக ஒரு வளையம் படிந்திருந்தது. அதற்கு அறுபத்தாறு போட அவருக்கு ஆசை. கன்னத்தில் ஒரு சின்னக் கீறல் இருந்ததால் தன் சொந்தக் காசுக்கே ஒன்றைக் குறைத்துக்கொண்டார்.

கருமாதிக்கு முந்தின வாரம் அந்த வீட்டில் நான் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது. இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் படையலில் வைப்பது நம் வழக்கம். "அண்ணி, அண்ணனோட காசுகளையும் படத்துக்கு முன்னுக்கு வைச்சா என்ன?" என்று கேட்டவன் நான்தான். அன்பினால் மட்டும் கேட்டேன் என்று சொன்னால் அது பொய். அவரைக் காசுப் பைத்தியம் என்று கேலி பேசிய சொந்தக்காரர்கள் எல்லாம் வருவார்கள். அவர்கள் நடுவில் நின்று ஒவ்வொரு காசையும் பற்றி விளக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அண்ணி காசுப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். "வைக்கணுமா தம்பி?" என்று கேட்டார். "கட்டாயம் வைக்கணும்" என்றேன். படையலுக்குப் போகும் வெள்ளியை எந்த வீட்டிலும் அப்படியே வைக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாததா? என் வீட்டிலும் அதே திருநீறுதான், அதே தேய்ப்புதான். என் பெருமையில் அது எனக்குத் தோன்றவே இல்லை.

கருமாதியன்று நுழைந்ததும் பார்த்தேன். வாழையிலையில் ரொட்டி, கட்டைச்சம்பல், அவர் குடிக்கும் சிகரெட். பக்கத்தில் ஒரு தாம்பாளம் நிறைய, நேற்று அடித்தவை போலப் பளீரென்று அத்தனை டாலரும். வந்தவர்கள் குனிந்து பார்த்து, நல்ல வெள்ளி என்று மெச்சினார்கள். நான் யாருக்கும் எதையும் விளக்கவில்லை. "நேத்து முழுக்க நானும் தங்கச்சியும் தேச்சோம்" என்றார் அண்ணி. "தொட்டா அவருக்குப் புடிக்காதுன்னு தெரியும். ஆனா கறுத்த வெள்ளிய எப்படிங்க படத்துக்கு முன்னுக்கு வைக்கிறது? நீங்கதான வைக்கச் சொன்னீங்க."

பந்தி முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, அண்ணி ஒரு காசை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். கன்னத்துக் கீறலை வைத்துத்தான் அது எந்தக் காசு என்று தெரிந்துகொண்டேன். நீல வளையம் போயிருந்தது.

"இதுக்கு அவரு அறுபத்தஞ்சு சொல்லுவாரு. இப்ப எத்தன தம்பி?"

ஜன்னல் பக்கம் திரும்பிச் சாய்த்துப் பார்த்தேன். வெளிச்சம் நடக்கவில்லை, தகரத்தில் விழுந்த மாதிரி ஒரே இடத்தில் நின்றது. நஸீர் நானா தலையைக் குனிந்துகொண்டார்.

"அறுபத்தஞ்சுதான் அண்ணி" என்றேன்.

அண்ணி காசை என்னிடமிருந்து வாங்கினார். விளிம்பை மட்டும் பிடித்துத்தான் வாங்கினார். கவருக்குள் போட்டு, என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

"டீ குடிங்க தம்பி."

இத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் எங்களுக்கு டீ கொண்டுவந்து கொடுத்தவர், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அந்த டீயைக் குடித்து முடிப்பதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. அண்ணன் தன் காசுக்கே கூட்டிச் சொல்லாதவர். அவர் படத்துக்கு முன்னாலேயே நான் கூசாமல் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டேன்.

அந்தக் காசு இப்போது என்னிடம்தான் இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுவும், அண்ணி மூடிவிட்ட இந்தக் கையும்தான். என்றாவது நீங்கள் வீட்டுக்கு வந்தால் காட்டுகிறேன். எத்தனை மார்க்கு என்று கேட்டீர்களானால், டீ ஊற்றிக் கொடுப்பேன்.