மைமூன் ராத்தாவுக்குச் சுட்ட பாண்

விடியச் சுபஹுத் தொழுகை முடித்து முஸல்லாப் பாயை மடிக்கும்போது பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்: எங்களுக்கு அக்காபோல இருந்த பின்வளவு மைமூன் ராத்தா மௌத்து. முந்திய பின்னேரம் அவருக்குக் கஞ்சி பருக்கிவிட்டு வந்தவள் நான். மரண அறிவித்தலைக் கேட்ட பிறகும் கை தன்பாட்டில் அவருடைய கஞ்சிக்கு அரிசி களைந்தது.

ராத்தாவை அறிந்தவர்களுக்கு அவருடைய வருத்தமும் தெரியும். தின்பது உடம்பில் ஒட்டாமல் வற்றிக்கொண்டே வந்தார். கோதுமை மா ஒரு நுள்ளும் ஆகாது என்று கொழும்பு டாக்டர் சொல்லிவிட்டார். "சோறு திங்கிற ஊரில இதெல்லாம் ஒரு வருத்தமா?" என்று ராத்தா சிரித்தார்.

ஆனால் நோயாளியைப் பார்க்க நம்மவர் வெறுங்கையோடு போவதில்லை. பாணுக்கு வரிசையில் நின்ற பஞ்ச காலம் போய்ப் பேக்கரிகள் பெருகியிருந்தன. வந்தவரெல்லாம் கோதுமைப் பாணும் பிஸ்கட்டும் கொண்டுவந்தார்கள். ராத்தா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, அவர்கள் முன்னால் தானும் ஒரு துண்டு கடிப்பார். மறுநாள் பாயிலிருந்து எழும்பமாட்டார்.

"ஏன் ராத்தா திங்கிறீங்க?"

"வெயிலுக்குள்ள நடந்து வந்தவகட மூஞ்சிக்கு நேர வேணாமெண்டு சொல்லட்டா? என்ட வயித்து நோவு ரெண்டு நாளில மாறும். அவகட மனம் நொந்தா மாறுமா புள்ள?"

அரிசி மாவில் பாண் போலவே ஒன்று சுட்டால், வந்தவர் முன்னால் அதைத் தின்னலாமே என்று நினைத்தேன். சொல்லித்தர ஆளில்லை. பச்சரிசி மாவோடு மரவள்ளி மாவும் ஈஸ்ட்டும் அளந்து சேர்த்து, மேலும் கீழும் சிரட்டைத் தணல் வைத்தேன். பொங்கிய மா சூடு பட்டதும் அமர்ந்துவிட்டது. கள் விட்டால் எழும்பும் என்றாள் ஒருத்தி. ஹராமான கள்ளை எப்படித் தொடுவேன்? முதல் பாணை ராத்தா விரலால் தட்டிப் பார்த்தார்.

"கிணத்தடியில போடு புள்ள, உடுப்புத் தோய்க்கலாம்."

கஞ்சியைக் கூழாகக் காய்ச்சி மாவில் விட்டு, அடித்த முட்டை சேர்த்துப் பிசைந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அது அமராமல் நின்றது. அரை உயரம்தான், ஆனாலும் உதிராமல் துண்டாக அறுபட்டது. அல்ஹம்துலில்லாஹ் என்று துணியில் சுற்றிக்கொண்டு ஓடினேன். அந்த நேரம் பார்த்துப் பாலமுனையிலிருந்து ராத்தாவின் மச்சி, அவருடைய புருஷனின் சகோதரி, பேக்கரிப் பாணோடு வந்திருந்தார். ராத்தா என் பாணை வாங்கி, முழுவதையும் அறுத்து மச்சி முன்னால் வைத்தார்.

"நம்மட புள்ள சுட்டது. திண்டு பாருங்க மச்சி, கடையில கிடைக்காது."

"நல்லாத்தான் இரிக்கி. உப்புத்தான் காணா," என்று மச்சி கடைசித் துண்டுவரை தின்றார். ராத்தா பேக்கரிப் பாணைக் கடித்தார். நான் குசினிக்குள் போய்த் தேத்தண்ணிக்கு அடுப்பை மூட்டினேன்.

மச்சி போன பிறகு, ஏன் எல்லாத்தையும் குடுத்தீங்க என்று ராத்தாவிடம் கேட்டேன். "வீட்டில இரிக்கிற நல்லத்த ஒளிச்சுப்போட்டு, வந்தவகளுக்கு என்னத்தக் குடுக்கிற?" என்றார்.

பிறகும் சுட்டேன். சுட்டதெல்லாம் வந்தவர்களுக்கே போயிற்று. கடைசியில் அரிசிக் கஞ்சியும் அவர் வயிற்றில் தங்கவில்லை. துஆக் கேட்பதைத் தவிர என் கையில் ஒன்றும் இருக்கவில்லை.

மையித்து வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாதென்று அயலவர்கள் பாண் கொண்டுவந்து குவித்தார்கள். யாரை நோவது? எல்லாரும் இரக்கத்தோடுதான் வந்தார்கள்.

போன கிழமை ஒரு நோயாளியைப் பார்க்கப் போனபோது, பின்வாசலால் போய், "அவக்கு என்ன ஒத்துக்கொள்ளும்?" என்று முதலில் வீட்டாரிடம் கேட்டேன். ராத்தாவிடமிருந்து நான் வைத்திருப்பது இந்தக் கேள்வி ஒன்றுதான். அவர் வீட்டில் இதை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், "நீங்க கொண்டுவந்ததுதான்" என்றே ராத்தா சொல்லியிருப்பார்.