வெள்ளிக்கிழமைத் தூக்குவாளி

எடை மெஷினைக் கண்டாலே பயந்த நாட்கள் எனக்கு உண்டு, சபையாரே. அந்தப் பயத்திலிருந்து ஆண்டவர் என்னை எப்படி இறக்கிவிட்டார் என்று சொல்கிறேன்.

தஞ்சாவூரில் வடவாற்றுக் கரையோரக் குடிசைப் பகுதியில் இருக்கிறோம். நான் லேப் டெக்னீஷியன் படித்தவள். எதையும் நோட்டில் எழுதி வைப்பேன். முதல் குழந்தை எடை குறைவாகப் பிறந்து, ஒன்பதாம் நாள் போய்விட்டது. இரண்டாவது வயிற்றில் தங்கியதும் மூன்று வரி எழுதினேன்: மாதாமாதம் எடை. தினமும் சத்து மாத்திரை. வெள்ளிதோறும் உபவாச ஜெபம். மூன்றாவது வரியை யாரிடமும் சொல்லவில்லை.

ஐந்தாம் மாதம் நாற்பத்து மூன்று கிலோ. ஆறாம் மாதமும் அதே. இறங்கி இறங்கி ஏறிப் பார்த்தேன். முள் நகரவில்லை. பயத்தில் புதன்கிழமையும் உபவாசம் சேர்த்தேன். ஏழாம் மாதம் அரைக் கிலோ குறைந்திருந்தது. தூக்கம் போயிற்று. பிள்ளை அசைகிறதா என்று வயிற்றில் வைத்த கையை எடுக்கவே முடியவில்லை. ‘ஆண்டவரே, எடையைக் கூட்டும்.’ வேறு ஜெபமே வரவில்லை.

சுகாதார நிலைய நர்ஸ் என் நோட்டைப் புரட்டினார்.

“என்னம்மா இது, புதன், வெள்ளியில கோடு போட்டிருக்க?”

“உபவாசம் சிஸ்டர். புள்ள வெயிட்டுக்காக.”

“படிச்ச பொண்ணுதானே நீ? வெயிட்டு ஏறணும்னு புள்ளையவே பட்டினி போடுவியா?”

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆண்டவருக்கு நேர்ந்துகொண்ட பொருத்தனையை முறித்தால் இந்தப் பிள்ளையும் போய்விடுமோ? எங்கள் தெரு ஜெபக்குழுவை நடத்தும் எஸ்தர் அக்காவிடம் போய் அழுதேன்.

“பொருத்தனைதானே? அத நாங்க ஏத்துக்கறோம். ஆளுக்கொரு நாள் நாங்க சாப்பிடாம இருக்கோம். அன்னிக்கி எங்க வீட்டுச் சோறு ஒனக்கு.”

பக்கத்திலிருந்த மேரி அக்கா சிரித்தார். “மொத நாள் எனக்குக் குடுங்க. ஒடம்பக் குறைங்கன்னு டாக்டரு திட்டிக்கிட்டே இருக்காரு.”

மறு வெள்ளி தூக்குவாளி வந்தது. சோறு, நெத்திலிக் குழம்பு, முருங்கைக்கீரை, அவித்த முட்டை. முதல் கவளத்தைப் பயந்துகொண்டே வாயில் வைத்தேன். மேரி அக்கா தண்ணீர்கூடக் குடிக்காமல் எதிரே உட்கார்ந்து, நான் வழித்துச் சாப்பிடும்வரை ஜெபித்தார்.

எட்டாம் மாதம் முள் நகர்ந்தது. ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது. மெஷின் மேலேயே நின்று அழுதேன்.

மகள் இரண்டு கிலோ எழுநூறு கிராமில் பிறந்தாள். நான் கேட்டதை ஆண்டவர் முதல் நாளே காதில் வாங்கியிருந்தார். சோறாகத் தந்த பதிலைத்தான் நான் சாப்பிடாமல் வைத்திருந்தேன்.

பால் கொடுப்பதால் எனக்கு இன்னும் உபவாச முறை வரவில்லை. மற்றக் கர்ப்பிணிகளுக்குத் தூக்குவாளி மட்டும் சுமக்கிறேன். உங்களில் யாராவது வயிற்றுப் பிள்ளையோடு பட்டினி இருந்து ஜெபிக்கிறீர்களா? ஆண்டவரை நம்பி எங்களிடம் சொல்லுங்கள். உங்கள் வெள்ளிக்கிழமையை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். நீங்கள் சாப்பிடுங்கள்.