சோம்பேறி வாயுவும் என் சித்தியும்

"ஆர்கான்னா என்னடி அர்த்தம்? பன்னெண்டு வருஷம் படிச்சியே, சொல்லு பாப்போம்!"

பட்டறையில் சித்தி கேட்டாள். "அணு எண் பதினெட்டு" என்று ஒப்பித்தேன்.

"நம்பரை வச்சு நான் என்ன பண்ண?" என்று கையிலிருந்த குழாயை நீட்டினாள். பற்றவைத்த இடமெல்லாம் ஊசியால் குத்தியதுபோல் ஓட்டைகள்.

சித்தி இரும்புக் கேட் செய்யும் அந்தப் பட்டறையில் பதினோரு வருடமாக வெல்டர். பூச்சுக் கம்பியை உருக்கி ஒட்டும் ராடு வெல்டிங்கில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. இப்போது பட்டறைக்கு ஒரு மருந்து ஆலையின் எவர்சில்வர் குழாய் வேலை வந்திருந்தது. அதற்கு ஆர்கான் வாயு வைத்துப் பற்றவைக்க வேண்டும். மறுநாள் காலை பரிசோதகர் முன்னால் ஒரு குழாயை இணைத்துக் காட்ட வேண்டும். ஓர் ஓட்டை விழுந்தாலும் வேலை வெளியாளுக்குப் போய்விடும். நான்கு நாளாகச் சித்தி வீணாக்கிய துண்டுகளே ஒரு கூடை இருக்கும்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நூலகத்துக்கு ஓடினேன். தடிமனான அகராதியில் கிடைத்தது! மூச்சிரைக்கப் பட்டறைக்குத் திரும்பி வந்தேன்.

"சித்தி! கிரேக்கத்துல 'சோம்பேறி'ன்னு அர்த்தம். எதோடயும் சேராதாம், எதையும் எரிக்காதாம், அதான் அந்தப் பேரு!"

"உங்க சித்தப்பா மாதிரின்னு சொல்லு" என்று சிரித்தாள். சட்டென்று சிரிப்பு நின்றது. "இருடி. அப்ப அது உருகுற குழாய் மேல சும்மா படுத்துக்கிட்டு, காத்து பட்டு ஓட்டை விழாம மறைக்குது. அவ்வளவுதான். எதையும் பிடிச்சுக்காதுன்னா, ஊதினா போயிடுமே!"

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினோம். அவள் முதுகுக்குப் பின்னால் பெரிய மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. பதினோரு வருடமும் ராடு புகையை விரட்டிய விசிறி. ராடின் மேலுள்ள பூச்சு உருகி, பற்றவைத்த இடத்தை மூடிக்கொள்வதால், அந்த வேலையில் விசிறிக் காற்று தொந்தரவு செய்ததே இல்லை.

"நிறுத்துடி அதை!"

நிறுத்தினேன். அடுத்த துண்டில் ஓர் ஓட்டைகூட இல்லை. சித்தி என்னைத் தூக்கிச் சுற்றாத குறைதான்.

மறுநாள் சோதனையின்போது, "வேர்க்குதேம்மா" என்று முதலாளியே விசிறியின் பக்கம் போனார்.

"மொதலாளி, தொட்டீங்க, கை இருக்காது!"

பரிசோதகர் குழாய்க்குள் விளக்கடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு தாளில் கையெழுத்திட்டார்.

ஆர்கான் வெல்டிங் பழகுகிற யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், இதைச் சொல்லுங்கள். விசிறியை மட்டும் சொல்லாதீர்கள், வாயுவின் பெயருக்கான அர்த்தத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.